வேட்டைக்குப் போறவங்ககிட்ட இயேசுவைப் பத்தி பேசறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்குச் சொந்த ஊர் ஆம்பூர். 11 வருஷமா அமெரிக்காவுல விஸ்கான்சின் மாநிலத்துல இருக்கேன். மிசூரி சினாட்ங்கற அமெரிக்க லுத்தரன் சபையோட மிஷனரிங்க 1895ல கிருஷ்ணகிரிக்கு வந்து ஆரம்பிச்ச வேலைல வளர்ந்த சபைதான் எங்க வீட்டு சபை, அதனால இங்க வந்ததும் லுத்தரன் சர்ச்சுக்கே போனேன், போன இடத்துல நவம்பர் வந்தா பாதி பெஞ்ச் காலி. விசாரிச்சா எல்லாரும் மான் வேட்டைக்குப் போயிருக்காங்க. அப்படித்தான் இந்த ஊழியத்துக்குள்ள வந்தேன். ஊர்ல இருந்து வாட்ஸ்அப்லயும், இங்க தமிழ் ஐக்கியத்துலயும், வருஷா வருஷம் இதே கேள்விகளைத்தான் கேக்கறாங்க, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வைக்கறேன்.

பிரதர், வேட்டையாடறதே குத்தம் ஆச்சே? முதல்ல அதை நிறுத்தச் சொல்லிட்டு அப்புறம்தானே சுவிசேஷம் சொல்லணும்?

நம்ம நாட்டுல குத்தம்தான், 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்ததுல இருந்து மானை சுட்டா ஜெயில். அந்த நினைப்புலயே வளர்ந்ததால நமக்கு வேட்டைக்காரன்னாலே திருட்டுத்தனமா காட்டுக்குள்ள போறவன் மாதிரி ஒரு படம் வருது. இங்க நிலைமை வேற. லைசென்ஸ் வாங்கணும், 1973 ஜனவரி 1லயோ அதுக்கு அப்புறமோ பிறந்தவங்க பாதுகாப்பு வகுப்புல பாஸ் ஆகியிருக்கணும், முக்கியமான துப்பாக்கி சீசன் ஒன்பதே நாள்தான், தேங்க்ஸ்கிவிங்குக்கு (நவம்பர் நாலாவது வியாழன் வர்ற நன்றி சொல்ற பண்டிகை) முந்தின சனிக்கிழமை ஆரம்பிக்கும். இடுப்புக்கு மேல போடற உடுப்புல பாதியாவது கண்ணைப் பறிக்கற ஆரஞ்சு இல்லன்னா பிங்க் கலரா இருக்கணும், இல்லன்னா உங்களையே மான்னு நினைச்சு யாராவது சுட்டுடுவாங்க.

இன்னொண்ணு நம்மாளுங்களுக்குத் தெரியறதில்ல. 1937ல போட்ட ஒரு சட்டப்படி ரைஃபிள், தோட்டா மேல 11 சதவீதம் வரி உண்டு, அந்தப் பணம் மாநிலங்களோட காட்டுயிர் பாதுகாப்புக்குத்தான் போகுது. அதனால காட்டை அழிக்கறவங்கன்னு நினைச்சுக்கிட்டு போய்ப் பேசாதீங்க, முதல் வார்த்தைலயே கதவு மூடிக்கும்.

பைபிள் வேட்டையைப் பத்தி என்னதான் சொல்லுது?

நிறைய இருக்கு. ஆதியாகமம் 10ல நிம்ரோத் பலத்த வேட்டைக்காரன். ஏசாவும் வேட்டைக்காரன், ஈசாக்கு வயசான காலத்துல மகனைக் கூப்பிட்டு வேட்டைக்கறி சமைச்சுக் கொண்டுவான்னு ஆசையா கேக்கறார். உபாகமம் 14ல சாப்பிடலாம்ங்கற மிருகங்கள் பட்டியல்ல மான் இருக்கு. நீதிமொழிகள் 12ல, வேட்டையாடிப் பிடிச்சதைச் சமைக்காம விடற சோம்பேறியைப் பத்தி ஒரு வசனம் வருது, இறைச்சியை வீணாக்கறவன் மேல இங்க வேட்டைக்காரங்களுக்கு இருக்கற அதே கோபம் அதுல தெரியும்.

என்னை ரொம்ப பாதிச்சது லேவியராகமம் 17:13. வேட்டையாடிப் பிடிச்ச மிருகத்தோட ரத்தத்தை தரைல ஊத்தி மண்ணால மூடணும். ஏன்னா உயிர் ரத்தத்துல இருக்கு, அந்த உயிர் கொடுத்தவருக்குச் சொந்தம். வேட்டைக்கு அனுமதியும் இருக்கு, அந்த உயிரை சும்மா நினைக்காதேங்கறதும் கூடவே இருக்கு. இந்த வசனம் கீழ ஒரு இடத்துல திரும்ப வரும்.

இவங்களுக்குன்னு தனியா ஊழியம் எதுக்கு? எல்லாரும் மாதிரி சர்ச்சுக்கு வர வேண்டியதுதானே?

வர மாட்டாங்களே, அதான் விஷயம். 2022ல அரசு எடுத்த சர்வேல அமெரிக்காவுல வேட்டைக்காரங்க ஒரு கோடியே 44 லட்சம் பேர், மீன் பிடிக்கறவங்க கிட்டத்தட்ட 4 கோடி. இதுல நான் பழகினவங்கள்ல பாதி பேருக்கு சர்ச்னா கல்யாணம், சாவு, கிறிஸ்மஸ் மட்டும்தான். நல்ல சட்டை போட்டு உக்காந்து அடுத்தவங்க முன்னாடி மனசைத் திறக்கறது அவங்களுக்கு வராது. ஆனா கையில ஒரு வேலை இருந்தா பேசுவாங்க.

அப்பாவைப் பத்தி அதிகமா பேசுவாங்க. வேட்டை இங்க அப்பா பிள்ளைக்குக் கத்துக் கொடுக்கற விஷயம். ரைஃபிளைத் துடைச்சுக்கிட்டே "இது எங்கப்பாவோடது"ன்னு ஒருத்தர் சொன்னா, அதுக்குப் பின்னாடி பத்து வருஷத்து துக்கம் இருக்கலாம், அந்த இடத்துல நாம அவசரப்படாம கேட்டா போதும். நம்ம ஊர்ல சாவு வீட்டுக்குப் போய் ஒண்ணும் பேசாம பக்கத்துல உக்காந்திருப்போம்ல, அது தெரிஞ்சவங்களுக்கு இந்த ஊழியம் வரும். அமெரிக்கர்களை விட நமக்கு அது நல்லாவே தெரியும்னு நினைக்கறேன்.

'வைல்ட் கேம் டின்னர்'னு போஸ்ட் போட்டீங்களே, அது என்ன?

சபையில நடக்கற வேட்டைக்கறி விருந்து. ஜனவரி, பிப்ரவரில சீசன் முடிஞ்சு ஃப்ரீசர் நிறைஞ்சிருக்கற நேரம் வைப்பாங்க. மான் ஸ்டூ, வாத்து, முயல், மீன், சில சமயம் கரடிக்கறி கூட வரும். மான் கொம்பு கண்காட்சி, பசங்களுக்கு வில் அம்பு, அப்புறம் ஒரு வேட்டைக்காரர் எழுந்து தன் வாழ்க்கைல ஆண்டவர் என்ன செஞ்சார்னு 15 நிமிஷம் சாட்சி சொல்வார். நான் மான்கறில ஆம்பூர் பிரியாணி பண்ணுவேன், சீரக சம்பா, ஊற வச்சு அரைச்ச காஞ்ச மிளகாய், தயிர், பக்கத்துல கத்திரிக்கா. மான்கறில கொழுப்பு ரொம்பக் கம்மி, வறண்டு போயிடும், அதனால மேல இருக்கற வெள்ளை ஜவ்வை முழுசா உரிச்சு எடுத்துட்டு ராத்திரி பூரா தயிர்ல ஊற வைக்கணும். முதல் வருஷம் அந்த ஜவ்வை விட்டுட்டேன், ரப்பர் மாதிரி ஆயிடுச்சு, பக்கத்து மேஜைல ஒரு தாத்தா எழுந்து வந்து கத்தி எப்படிப் பிடிக்கணும்னு காமிச்சுக் கொடுத்தார். அவர்தான் இன்னிக்கு எனக்கு நெருங்கின நண்பர்.

நடத்தறவங்களுக்கு ரெண்டு விஷயம். வேட்டைக்கறியை காசுக்கு விக்கக் கூடாது, அதனால டிக்கெட் போடறதுக்கு முன்னாடியே மாநில இயற்கை வளத் துறைகிட்ட விதிமுறை கேட்டுக்கோங்க. விஸ்கான்சின்ல 2002ல இருந்து மான்களுக்கு மூளையை அரிக்கற ஒரு நோய் இருக்கு, சிடபிள்யூடின்னு சொல்வாங்க, பாசிட்டிவ் வந்த மானை சாப்பிட வேண்டாம்னு சுகாதாரத் துறை சொல்லுது, டெஸ்ட் பண்ணாத கறியை விருந்துக்கு வாங்காதீங்க.

அப்ப சாப்பாட்டைக் காட்டி ஆள் பிடிக்கறதுதானே இது?

இந்தக் கேள்வி எனக்கும் முதல்ல இருந்துச்சு. நோட்டீஸ்ல சாப்பாடு மட்டும் போட்டுட்டு, வந்தவங்களை உக்கார வச்சு கதவை சாத்திட்டு ஒரு மணி நேரம் பிரசங்கம் பண்ணா, ஆமா, அது ஆள் பிடிக்கறதுதான், நான் அதுக்கு எதிரி. எங்க நோட்டீஸ்லயே "ஒருத்தர் தன் விசுவாசத்தைப் பத்தி பேசுவார், விருப்பம் இல்லாதவங்க அதுக்கு முன்னாடி சாப்பிட்டுக் கிளம்பலாம்"னு போட்டிருக்கும். கிளம்பறவங்க கிளம்புவாங்க. கையில பார்சலும் கட்டிக் கொடுப்போம்.

நோய் பரவறதால இங்க நிறைய கவுண்டில (நம்ம மாவட்டம் மாதிரி) மானுக்கு தீனி போட்டு வரவழைக்கறதுக்குத் தடை இருக்கு. வேட்டைக்காரங்கள்லயே பல பேர் அதைக் கௌரவக் குறைச்சலா நினைப்பாங்க. தீனி எது, விருந்து எதுன்னு அவங்களுக்கு நம்மளை விட நல்லா தெரியும், ஏமாத்த முடியாது, ஏமாத்தவும் கூடாது.

எனக்கு துப்பாக்கி பிடிக்கவே தெரியாதுண்ணா. நான் என்னத்தைப் பேச?

நானும் இன்னிக்கு வரைக்கும் ஒரு குண்டு கூட சுட்டதில்ல தம்பி. தெரியாதவனா போறதுதான் நல்லது. "எனக்கு இது தெரியாது, சொல்லித் தரீங்களா"ன்னு கேட்டா மணிக்கணக்கா சொல்லுவாங்க. காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாக்கறது, மான் மரத்துல கொம்பை உரசின தடம், எல்லாம் எனக்குக் கத்துக் கொடுத்தது அவங்கதான். அவர் உங்களுக்கு அஞ்சு வருஷம் ஏதாவது கத்துக் கொடுத்திருந்தா, உங்களுக்குத் தெரிஞ்ச ஒண்ணை அவர் ஒரு நாள் கேப்பார்.

ஒண்ணே ஒண்ணு கேக்காதீங்க: "எந்த இடத்துல உக்காருவீங்க?" நம்ம ஊர்ல ஒருத்தர் சம்பளத்தைக் கேக்கற மாதிரி அது. சொந்தத் தம்பிக்கே சொல்ல மாட்டாங்க. அப்புறம் மான் விழுந்ததும் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடாதீங்க. இழுக்கறதுக்குக் கை கொடுங்க. வளர்ந்த ஆண் மானை பனில அரை மைல் இழுத்துட்டு வண்டில ஏத்தினா, அதுக்கப்புறம் நீங்க வெளியாள் இல்ல.

ரெண்டு பேரும் அவ்வளவு நேரம் மறைவுல உக்காந்திருக்கீங்களே, அப்பவே சுவிசேஷம் சொல்லிடலாமே?

அங்க வாயே திறக்கக் கூடாது. மானுக்குக் காதும் மூக்கும் அவ்வளவு கூர்மை, இருமினாலே அன்னிக்குக் காலை போச்சு. நான் ஒரு வருஷம் என் பக்கத்து வீட்டுக்காரரோட போனேன், சூரியன் உதிக்கறதுக்கு அரை மணி நேரம் முன்னாடியே சுட அனுமதிங்கறதால அஞ்சு மணிக்கே பலகைக் கூண்டுக்குள்ள உக்காந்துட்டோம், மைனஸ் எட்டு டிகிரி. மூணு மணி நேரம் ஒரு வார்த்தை இல்ல. ஃபிளாஸ்க் மூடியைத் திறக்கற சத்தத்துக்கே என்னைத் திரும்பிப் பார்த்தார்.

எட்டு மணி வாக்குல ஒரு பெண் மான் வந்துச்சு. ஒரே குண்டு. கிட்ட போனதும் அவர் தொப்பியைக் கழட்டிட்டு அப்படியே நின்னார், கை நடுங்கிக்கிட்டு இருந்துச்சு, நாப்பது வருஷமா வேட்டையாடறவர். அப்புறம் முட்டி போட்டு வயித்தைக் கிழிச்சு குடலை எடுக்க ஆரம்பிச்சார், அந்தக் குளிர்ல உள்ள இருந்து ஆவி பறக்குது, பனி மேல ரத்தம். கையைப் பனில தேச்சுக்கிட்டே, என்னைப் பாக்காம, "இதைப் பத்தி உன் பைபிள்ல ஏதாவது இருக்கா"ன்னு கேட்டார். மேல சொன்ன லேவியராகமத்தை போன்ல தமிழ்லதான் வச்சிருந்தேன், படிச்சு எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல சொன்னேன். அவர் ஒண்ணும் சொல்லல. பூட்ஸ் காலால பனியைத் தள்ளி, கீழ இருந்த இலை மண்ணைக் கிளறி, அந்த ரத்தத்தை மூடினார். திரும்பி வர்ற வழில வண்டில, ரத்தம் சிந்தறது எதுக்கு, இயேசு ஏன் சாகணும்னு அவரா கேட்டார், நான் பதில் சொன்னேன். முன்னாடி மூணு மணி நேரம் நான் பேசியிருந்தா மானும் வந்திருக்காது, அந்தக் கேள்வியும் வந்திருக்காது.

மீன் பிடிக்கறவங்க, ட்ரெக்கிங் போறவங்க இவங்களுக்கும் இதேதானா?

பொறுமை ஒண்ணுதான், இடம் வேற. பேசறதுக்குன்னா குளிர்காலத்துல உறைஞ்ச ஏரி மேல கொட்டகை போட்டு மீன் பிடிக்கறதுதான் எனக்குப் பிடிச்சது. வின்னிபேகோ ஏரில பிப்ரவரில ஸ்டர்ஜன்னு ஒரு பெரிய மீனை ஈட்டியால குத்தறதுக்கு சீசன் வரும், இருட்டுக் கொட்டகைக்குள்ள பனில அறுத்த ஓட்டையையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும், வருஷக்கணக்கா ஒரு மீனைக் கூட பாக்காதவங்க இருக்காங்க. இங்க பேசலாம், பேச வேற ஆளும் இல்ல. யோவான் 21 சொல்றதுக்கு இதை விட நல்ல இடம் இல்ல, ராத்திரி பூரா ஒண்ணும் கிடைக்காத ஆளுங்களுக்கு இயேசு கரைல நெருப்பு மூட்டி மீன் சுட்டு வச்சிருந்த கதை.

ட்ரெக்கிங் ஆளுங்க பத்தி எனக்கு அனுபவம் கம்மி. அவங்கள்ல நிறைய பேர் தனிமை தேடி வர்றவங்க, கூட நடங்க, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

"காடுதான் என் சர்ச், அங்கயே கடவுளைப் பாக்கறேன்"னு சொன்னா என்ன பதில்?

முதல்ல அதை மறுக்காதீங்க, அது நிஜம். வானங்கள் தேவ மகிமையைச் சொல்லுதுன்னு நாமளே பாடறோம். விடியக்காலைல காடு முழிக்கறதைப் பார்த்தவனுக்கு நான் போய் சிருஷ்டிகர் இருக்கார்னு நிரூபிக்க வேண்டியதில்ல.

நான் ஹூபர்ட் கதையைச் சொல்வேன். ஐரோப்பால வேட்டைக்காரங்களோட புனிதர்னு கொண்டாடறவர், நவம்பர் 3 அவர் நாள், 727ல இறந்தார். பெரிய வெள்ளிக்கிழமை எல்லாரும் கோவில்ல இருக்கறப்ப இவர் வேட்டைக்குப் போனாராம், மான் திரும்பி நின்னுச்சாம், கொம்புக்கு நடுவுல சிலுவை. பாரம்பரியக் கதைதான், அப்படியேதான் சொல்வேன். அந்தப் படம் ஒரு ஜெர்மன் சாராய பாட்டில் லேபிள்ல இருக்கறதால இவங்க எல்லாருக்கும் அது தெரியும், ஆனா கதை தெரியாது. கடவுளைக் காட்டுல பார்த்த ஆள் அதுக்கப்புறம் காட்டுலயே இருந்துடல, லீயேஜ் நகரத்துக்கு பிஷப் ஆனார். காடு பெரியவர் ஒருத்தர் இருக்கார்னு சொல்லும், உன் பாவத்தை மன்னிச்சேன்னு சொல்லாது. உங்க பொண்டாட்டி ஆஸ்பத்திரில இருக்கறப்ப காடு சாப்பாடு கொண்டு வராது, சபை கொண்டு வரும். இதை வாதமா வைக்காதீங்க. சாப்பாட்டைக் கொண்டு போய்க் கொடுங்க.

ஞாயித்துக்கிழமை வேட்டைக்குப் போறவனை சபை கண்டிக்க வேணாமா?

பென்சில்வேனியால சட்டமே ரொம்ப காலம் ஞாயிறு வேட்டையைத் தடுத்துச்சு, 2020ல மூணு ஞாயிறுக்கு மட்டும் விட்டாங்க, 2025ல அந்தத் தடையையே எடுத்துட்டாங்க. விஸ்கான்சின்ல அந்தத் தடை இல்ல. எங்க சபைல சீசன் ஆரம்பிக்கறதுக்கு முந்தின வியாழன் சாயந்திரம் ஒரு ஆராதனை வச்சுட்டோம், ஆரஞ்சு ஜாக்கெட்டோடயே வரலாம். வருஷத்துல ரெண்டு ஞாயிறு வராதவனை விட 50 ஞாயிறு வராதவனைப் பத்தி எனக்குக் கவலை அதிகம்.

நான் சைவம். ஒரு உயிரைக் கொல்றதை எப்படி சாதாரணமா எடுத்துக்கறீங்க?

சாதாரணமா எடுத்துக்கலக்கா. தொப்பியைக் கழட்டி நின்னவரைப் பத்தி மேல எழுதியிருக்கேன், நான் பார்த்த நல்ல வேட்டைக்காரங்க பெரும்பாலும் அப்படித்தான். உங்க மனசாட்சி சைவம்னா அதை விடாதீங்க, ரோமர் 14 உங்களுக்கும் இடம் கொடுக்குது, சாப்பிடறவரைத் தீர்ப்பு சொல்லாதேன்னும் சொல்லுது. கடைல பாக்கெட்ல சிக்கன் வாங்கி சமைக்கற எனக்கு, தான் சாப்பிடற மாமிசத்தோட சாவை நேருக்கு நேர் பார்த்தவன் முன்னாடி பெருமையா பேச ஒண்ணும் இல்ல. 2000ல இருந்து இங்க மான் தான திட்டம் ஒண்ணு ஓடுது, வேட்டைக்காரங்க கொடுக்கற மான்கறி ஏழைங்களுக்கு உணவு கொடுக்கற இடங்களுக்குப் போகுது. அதையும் சேர்த்துப் பாருங்க.

சில சபைல துப்பாக்கியையே குலுக்கல் பரிசா கொடுக்கறாங்களாமே?

ஆமா. 2014ல கென்டக்கில பாப்டிஸ்ட் சபைகள் விருந்து வச்சு துப்பாக்கி பரிசு கொடுத்தது பெரிய செய்தியாச்சு. வர்றவங்க எண்ணிக்கை கூடும்ங்கறது உண்மைதான். எனக்கு இதுல உடன்பாடு இல்ல. பள்ளிக்கூடத்துல சுடறாங்கன்னு மாசாமாசம் செய்தி வர்ற நாட்டுல, அப்படிப் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் அந்த ஹால்ல உக்காந்திருந்தா அவங்க காதுல என்ன விழும்? எங்க விருந்துல பரிசு ஃபிளாஸ்க், கையுறை, மரத்து மேல உக்காரும்போது கட்டற பாதுகாப்பு பெல்ட். மரத்துல இருந்து விழறது இங்க அடிக்கடி நடக்கற விபத்து, அந்த பெல்ட் ஒரு உயிரைக் காப்பாத்தும்.

ஒருத்தர் மனந்திரும்பி வந்து, "நான் வருஷக்கணக்கா அனுமதி இல்லாம சுட்டிருக்கேன்"னு சொன்னா என்ன பண்ணுவீங்க?

இது நிஜமாவே நடந்துச்சு, அதனால விவரம் எழுதல. பாவமன்னிப்பு உடனே உண்டு, அதுல இழுபறி கிடையாது. ஆனா சகேயு நாலத்தனையா திரும்பக் கொடுத்தான்ல. "வார்டன்கிட்ட போகணுமா"ன்னு அவர் கேட்டார் (வார்டன்னா வேட்டைச் சட்டத்தைக் கவனிக்கற அதிகாரி), நான் "போகலாம், நானும் கூட வர்றேன்"னு சொன்னேன். கட்டாயப்படுத்தல, போலீஸ் மாதிரி பின்னாடி நிக்கவும் இல்ல. ரெண்டு மாசம் ஆச்சு அவருக்கு. போனோம். பெரிய அபராதம் கட்டினார், லைசென்ஸும் போச்சு. அந்த நவம்பர் அவருக்கு வீட்டுல உக்காந்திருக்க முடியல, நானும் அவரும் சபை சமையல் கட்டுல மத்தவங்க கொண்டு வந்த கறியை வெட்டி பாக்கெட் போட்டோம்.

கடைசியா ஒண்ணு. இத்தனை வருஷத்துல எத்தனை பேர் இரட்சிக்கப்பட்டாங்க?

ஊர்ல இருந்து கேக்கறவங்க எல்லாரும் இதுலதான் வந்து முடிக்கறாங்க. ஞானஸ்நானம் வாங்கினவங்க மூணு பேர், அதுல ஒருத்தர் மேல சொன்ன லைசென்ஸ் போனவர். மத்ததெல்லாம் ஆண்டவர் கணக்கு.

ரத்தத்தை மண்ணால மூடின பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் சர்ச்சுக்கு வரல. போன வருஷம் அவங்க வேட்டைக் கேம்ப்ல ராத்திரி சாப்பாட்டுக்கு எட்டு பேர் உக்காந்திருந்தோம், அவர் கரண்டியைக் கீழ வச்சுட்டு என்னைப் பார்த்து, "நீ ஏதாவது சொல்லு, உன் மொழில சொன்னாலும் பரவால்ல"ன்னார். தமிழ்லயே ஜெபம் பண்ணேன். எல்லாரும் தொப்பியைக் கழட்டினாங்க. இந்த வருஷமும் வர்றியான்னு நேத்துதான் மெசேஜ் போட்டிருக்கார், காலைல நாலரைக்கு வண்டி வருமாம்.